மலை தொப்பி போட்டால்...

தைப்பூசம் முடிந்து இரண்டாவது வாரம். சிரம்பானுக்கு வெளியே நான் பிறந்து வளர்ந்த தோட்டத்தில் பால்மரங்கள் இலை கொட்டத் தொடங்கியிருந்தன. ஒரு காலத்தில் மலைச்சரிவு முழுக்கப் பால்மரம்தான் என்பார் பாட்டி. இன்று பெரும்பகுதி செம்பனை. எஞ்சியிருப்பது ஒரே ஒரு தீம்பார்.

பல்கலைக்கழக விடுமுறையில் வீட்டுக்கு வந்திருந்த நான், "மலைக்குப் போறோம் பாட்டி. ஆத்தோரத்துல கூடாரம் போட்டு ஒரு ராத்திரி தங்கப் போறோம்" என்றேன். அம்மா முகம் சுளித்தார். அண்ணன் துணைக்கு வந்தால்தான் அனுமதி என்றார். பாட்டி மட்டும் வாசலில் நின்று தொலைவில் தெரிந்த மலையைப் பார்த்தார்.

"மலை தொப்பி போட்டுச்சுன்னா தண்ணியில நிக்காதம்மா" என்றார். நானும் சரி என்று தலையாட்டினேன். அதன் பொருள் எனக்கு மறுநாள்தான் புரிந்தது.

ஏன் உலு பெண்டுல்?

சிரம்பானிலிருந்து கோலப்பிலா போகும் சாலையில் புக்கிட் புத்தூஸ் கணவாயைத் தாண்டியதும் வருவது உலு பெண்டுல் பொழுதுபோக்கு வனம். அங்கிருந்து ஒரு மலையாற்றின் பள்ளத்தாக்கு வழியாகப் பாதை ஏறி, ஏறத்தாழ 825 மீட்டர் உயரமுள்ள அங்சி மலையின் உச்சிக்குப் போகிறது. மறுபக்கம் இறங்கினால் புக்கிட் புத்தூஸ். அந்த வழி குறுகியது, ஆனால் செங்குத்தானது. முதல் நாள் ஆற்றோரம் தங்கி, மறுநாள் முதுகுப்பையோடு மலையைக் கடந்து அந்தப் பக்கம் இறங்குவது எங்கள் திட்டம்.

இந்தக் கணவாய்க்கு ஒரு வரலாறும் உண்டு. 1875 டிசம்பரில் யாம்துவான் அந்தாவின் படையினர் பிரிட்டிஷாரை எதிர்த்துப் போரிட்ட இடம் இது. இங்கிருந்த அரணைத் தாக்கிப் பிடித்ததற்காக சேனர் என்ற பிரிட்டிஷ் அதிகாரிக்கு விக்டோரியா கிராஸ் விருது கிடைத்தது. அரணைக் காத்து நின்றவர்களின் பெயர்களைத் தேடிப் பார்ப்பது வரலாறு படிக்கும் மாணவர்களுக்கு நல்ல பயிற்சி.

வடகிழக்குப் பருவமழை நவம்பர் முதல் மார்ச் வரை நீடித்தாலும் அதன் கடுமையைத் தாங்குவது கிழக்குக் கரைதான். நமது பக்கத்தில் ஜனவரி கடைசியிலிருந்து மழை குறையும். பால்மரம் இலை கொட்டுவதும் அப்போதுதான். ஆனால் நாங்கள் போனது அந்த வறட்சியின் தொடக்கத்தில். தொடக்கம் என்றால் மழை இன்னும் முழுதாக விடைபெறவில்லை என்று பொருள். நாங்கள் நாட்காட்டியைப் பார்த்தோமே தவிர வானத்தைப் பார்க்கவில்லை.

பையில் என்ன இருந்தது?

நாங்கள் ஐந்து பேர்: நான், அண்ணன், உடன் படிக்கும் தோழிகள் மூவர். விலை உயர்ந்த மலையேற்றக் காலணி வாங்க யாரிடமும் பணமில்லை. அடியில் முள்முள்ளாக இருக்கும் கறுப்பு ரப்பர் சப்பாத்துதான் போட்டுக்கொண்டோம். அதைத்தான் நம் மக்கள் வேடிக்கையாக 'அடிடாஸ் கம்போங்' என்பார்கள். பாட்டி போட்டுக்கொண்டு பால் வெட்டப் போன அதே சப்பாத்தை இன்று மலையேறிகள் தேடி வாங்குகிறார்கள். அது தண்ணீரில் நனைந்தால் கனக்காது, சேற்றில் வழுக்காது, விலையும் மலிவு.

அட்டைக்கு மருந்தும் தோட்டத்து மருந்துதான். புகையிலையை ஊறவைத்த தண்ணீரில் காலுறையை நனைத்துக் காயவைத்தோம். சோறு, நெத்திலிச் சம்பல், அவித்த முட்டை, ஒரு சிறு அடுப்பு, கூடாரம், கயிறு, விசில். பையின் எடை நம் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டோம். தோழி ஒருத்தி ரகசியமாகக் கொண்டுவந்த முடி உலர்த்தும் கருவியை வீட்டிலேயே விட்டுவரச் செய்ததுதான் பெரும்பாடு!

நிறம் மாறிய தண்ணீர்

பிற்பகல் மூன்று மணி இருக்கும். கூடாரம் போட்டு முடித்து ஆற்றில் இறங்கினோம். கணுக்கால் அளவுத் தண்ணீர். அடியில் கிடக்கும் கூழாங்கல்லை எண்ணிவிடலாம். நடுவில் இருந்த அகலமான பாறையில் உட்கார்ந்து சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தோம். எங்கள் தலைக்கு மேல் நல்ல வெயில்.

ஒரு தோழி, "தண்ணி ஏன் இப்படி ஆச்சு?" என்றாள். குனிந்து பார்த்தேன். கண்ணாடி போல இருந்த தண்ணீர் பால் கலக்காத தேநீர் நிறத்துக்கு மாறியிருந்தது. காய்ந்த இலைகளும் சிறு சுள்ளிகளும் கூட்டமாக மிதந்து வந்தன. நிமிர்ந்தேன். பள்ளத்தாக்கின் தலைப்பக்கம் மலை உச்சி தெரியவில்லை. கருமேகம் மூடியிருந்தது. மலை தொப்பி போட்டிருந்தது.

"எல்லாரும் கரைக்கு வாங்க! சாப்பாட்டை விட்டுட்டு வாங்க!" என்று கத்தினேன். நால்வரும் கரையேறிவிட்டோம். அண்ணன் மட்டும் பாறையில் விட்ட கைத்தொலைபேசியை எடுக்கத் திரும்பினான். "அண்ணா, வேணாம்!" என்று நான் கத்தியது அவன் காதில் விழவில்லை, ஏனென்றால் அதற்குள் லாரி வருவது போல ஓர் இரைச்சல் எழுந்திருந்தது. அவன் பாறையைத் தொடும்போது கணுக்காலில் இருந்த தண்ணீர், திரும்பும்போது தொடையில் இருந்தது. கரையோரம் வந்தவன் கால் இடறினான். தோழியர் இருவர் என் இடுப்பைப் பிடித்துக்கொள்ள, நான் அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தேன்.

சில நிமிடங்களில் நாங்கள் உட்கார்ந்திருந்த பாறையே தெரியவில்லை. எங்கள் மேல் ஒரு சொட்டு மழைகூட விழவில்லை.

மலாய்க்காரர்கள் இதைக் 'கெப்பாலா ஆயிர்' என்கிறார்கள். மேலே பெய்யும் மழை பல ஓடைகள் வழியாக ஒரே பள்ளத்தாக்கில் சேர்ந்து, ஒரு சுவர் போல இறங்கி வருவதுதான் அது. மலைப்பள்ளத்தாக்கு குறுகலாக இருப்பதால் தண்ணீர் அகலத்தில் பரவ இடமில்லை, உயரத்தில்தான் ஏறும்.

திரும்பி வந்த காலை

இரவெல்லாம் மழை. காலையில் எங்கள் மலை வழிகாட்டி வந்தார். ஆற்றோரப் பாதையில் சிறிது தூரம் நடந்ததும் ஓடையைக் கடக்க வேண்டிய இடம். வழிகாட்டி ஒரு கம்பை வெட்டித் தண்ணீரில் ஊன்றினார். முழங்காலுக்கு மேல் நனைந்து வந்தது கம்பு. "முழங்காலைத் தாண்டின வேகத் தண்ணீரில் பையோடு இறங்கக் கூடாது" என்றார்.

எனக்கு ஆத்திரமாக இருந்தது. அம்மாவிடம் மன்றாடி வாங்கிய அனுமதி இது, இனி எப்போது கிடைக்கும் என்று தெரியாது. "கயிறு கட்டிக் கடக்கலாமே" என்றேன். வழிகாட்டி பதில் சொல்லவில்லை. நேற்றுவரை என்னைவிடத் துணிச்சலாகப் பேசிய அண்ணன், "வேணாம்மா, போயிடலாம்" என்று மெதுவாகச் சொன்னான். அவன் கை இன்னும் நடுங்கிக்கொண்டிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். திரும்பினோம். மொத்தம் நடந்தது அரை மணி நேரம்கூட இல்லை.

மார்ச் தொடக்கத்தில் மறுபடியும் போனோம். அம்மா மறுக்கவில்லை. நடந்ததை மறைக்காமல் சொன்னதும், திரும்பி வந்ததும்தான் காரணம் என்றார். அன்று அதே ஓடை கணுக்காலை மட்டுமே நனைத்தது. மூன்று மணி நேரத்தில் உச்சியைத் தொட்டோம். கிழக்கே நாங்கள் ஏறி வந்த பள்ளத்தாக்கு. அதன் தண்ணீர் தெராச்சி ஆறாகி, மூவார் ஆற்றில் கலந்து, ஜொகூரில் கடலைச் சேர்கிறது. மேற்கே சிரம்பான் பக்கச் சரிவில் விழும் மழையோ லிங்கி ஆற்றுக்குப் போகிறது. அருகருகே விழும் இரண்டு துளிகள் இரண்டு ஆறுகளாகப் பிரியும் இடத்தில் நின்றோம். பாடப்புத்தகத்தில் 'நீர்பிரி மேடு' என்று மனப்பாடம் செய்தது இதைத்தானா என்று தோன்றியது.

நீங்களும் போவதாக இருந்தால்

மாணவ நண்பர்களே, என் அனுபவத்திலிருந்து சில:

• நிரந்தர வனக் காப்பகத்தில் மலையேற மாநில வனத்துறையின் அனுமதி தேவை. வழிகாட்டி தேவையா என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

• நீங்கள் நிற்கும் இடத்தின் வானிலை போதாது; ஆறு பிறக்கும் மலையின் வானிலையையும் பாருங்கள். பிற்பகலில் ஆற்றைவிட்டு விலகியிருப்பது நல்லது.

• தண்ணீர் கலங்கினால், இலையும் சுள்ளியும் மிதந்து வந்தால், இரைச்சல் கூடினால் உடனே மேட்டுக்கு ஏறுங்கள். எந்தப் பொருளுக்காகவும் திரும்பாதீர்கள்.

• ஆற்று நீரைக் கொதிக்கவைத்தே குடியுங்கள். எலிச் சிறுநீரால் பரவும் காய்ச்சல் உயிரையே பறிக்கக்கூடியது. காலில் புண் இருந்தால் தண்ணீரில் இறங்க வேண்டாம்.

• எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று வீட்டில் எழுதிக் கொடுங்கள். அவசரத்துக்கு 999.

உச்சியில் எடுத்த படங்களைப் பாட்டியிடம் காட்டினேன். தொப்பி விஷயம் எப்படித் தெரியும் என்று கேட்டேன். "மழை வந்தா மங்குல இருக்கிற பால் கரைஞ்சு போயிடும், அன்னிக்குக் கூலி போச்சு. அதான் மலையைப் பார்த்துக்கிட்டே வெட்டுவோம்" என்றார். அந்த மலை மேல் ஒருநாளாவது ஏறியிருக்கிறாரா என்று கேட்டதற்குச் சிரித்தார்.

"ஏறுறதுக்கு எங்கம்மா நேரம்?" என்றவர், படத்தைக் கண்ணருகே கொண்டுபோய், நம் தோட்டம் அதில் எங்கே இருக்கிறது என்று தேடத் தொடங்கினார்.