மனக்கண் காட்சியும் தொழில்நுட்பத் தேர்ச்சியும்

தொழிற்பயிற்சி நிலையத்தில் புதிதாகச் சேரும் மாணவர் பலர் முதலில் தடுமாறுவது வரைபட வகுப்பில்தான். ஓர் இரும்புப் பாகத்தின் முன்தோற்றம், மேல்தோற்றம், பக்கத்தோற்றம் ஆகிய மூன்றும் தாளில் தட்டையாகக் கிடக்கின்றன. இவற்றை இணைத்து முழுப் பொருளையும் மனக்கண்ணில் நிறுத்தி, திருப்பிப் பார்க்க வேண்டும். இதனையே உளவியலார் இடஞ்சார் சிந்தனை என்பர்.

இத்திறனின் முக்கியத்துவம் ஐயத்துக்கு இடமற்றது. அமெரிக்காவில் 1960-இல் ஏறத்தாழ 4 இலட்சம் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் பல்வேறு திறன்களில் சோதிக்கப்பட்டனர். பள்ளியை விட்டு 11 ஆண்டுகள் கழிந்தபின் அவர்களது கல்வியும் தொழிலும் கேட்டறியப்பட்டன. இவ்விவரங்களை 2009-இல் ஆராய்ந்தோர், அறிவியல், பொறியியல் துறைகளுக்குச் சென்றவர்கள் பள்ளிப் பருவத்திலேயே இடஞ்சார் திறனில் மேம்பட்டிருந்ததைக் கண்டனர். கணிதத் திறனையும் மொழித் திறனையும் கழித்துப் பார்த்த பின்னரும் இத்தொடர்பு எஞ்சி நின்றது.

அங்ஙனமாயின் இது பிறவிப் பேறு, இல்லாதவர் விலகிக்கொள்ளலாம் என்று முடிவு கட்டுவது பெரும் பிழையாகும். மான்டானா மாநிலத்தில் பாறை அமைப்பை வரைபடமாக்கிய நிலவியலாளர்களைப் பற்றி 2012-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. துறையறிவு குறைந்தவர்களிடையே இடஞ்சார் திறன் பெரும் வேறுபாட்டை விளைவித்தது. துறையறிவு மிக்கவர்களிடையே அவ்வேறுபாடு ஏறக்குறைய மறைந்துவிட்டது. அனுபவசாலி, பாறையடுக்குகள் எவ்வாறு மடியும் என்பதை அறிந்திருப்பதால், ஒவ்வொரு முறையும் மனத்தில் புதிதாகக் கட்டியெழுப்ப வேண்டியதில்லை. ஆகவே இத்திறன் பெரிதும் தேவைப்படுவது நுழைவாயிலில். அங்கே திரும்பிப் போனவர் தேர்ச்சி பெறும் காலம்வரை நிலைத்திருப்பதில்லை.

பயிற்சியால் இத்திறன் வளர்கிறது. 217 ஆய்வுகளைத் தொகுத்து 2013-இல் வெளியான மதிப்பீடு இதனை உறுதி செய்தது. மிச்சிகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 1993 முதல், இத்திறனில் பின்தங்கிய முதலாண்டுப் பொறியியல் மாணவர்க்குத் தனிப் பயிற்சி அளிக்கப்பட்டது. பயின்றவர்கள், குறிப்பாகப் பெண்கள், படிப்பில் நிலைத்தனர்.

நம் நாட்டில் கட்டடக்கலைப் படிப்புக்கான நுழைவுத் தேர்வில் இத்திறன் சோதிக்கப்படுகிறது. பொறியியலுக்கான கூட்டு நுழைவுத் தேர்வோ கணிதம், இயற்பியல், வேதியியலோடு நின்றுவிடுகிறது. சோதனையை மேலும் ஒன்று கூட்டுமாறு நான் கூறவில்லை. தேர்வுகள் ஏற்கெனவே போதும். முதற் பருவத்தின் தொடக்க வாரங்களை இதற்கு ஒதுக்கினால் போதுமானது. செலவும் பெரிதன்று. நான் பார்வையிட்ட ஒரு பயிற்சி நிலையத்தில், வரைபடத்தைப் புரிந்துகொள்ளாத மாணவரிடம் பயிற்றுநர் ஒரு சோப்புக் கட்டியையும் கத்தியையும் கொடுத்து, தாளில் உள்ளவாறே செதுக்கச் சொன்னார். இரண்டாவது கட்டியில் உருவம் சரியாக வந்தது.