மணிக்கு 28 தடவை! ஜன்னல் செய்யும் அதிசயம் தெரியுமா?

பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு இருமலோடு போயிருக்கிறீர்களா? ஓ.பி. சீட்டு எழுதியவர், நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்த டாக்டர், ஊசி போட்ட நர்ஸ், தரை துடைத்த அம்மா எல்லாருக்கும் அந்த அறையில் ஒரே காற்றுதான்!

இருமும்போது தெறிக்கும் பெரிய எச்சில் துளி ஓரிரு மீட்டருக்குள் தரையில் விழுந்துவிடும். காசநோய்க் கிருமியைச் சுமக்கும் துகளோ 5 மைக்ரானுக்கும் சிறியது, தலைமுடிக் கனத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. இருமியவர் வீடு போய்ச் சேர்ந்த பிறகும் அது மணிக்கணக்கில் மிதக்கும்!

அதைப் பிடிக்கத்தான் என்95 முகக்கவசம். இது வெறும் சல்லடை இல்லை, தெரியுமா? பிடிக்கச் சிரமமானது 0.3 மைக்ரான் துகள். அதிலேயே நூற்றுக்கு 95 சிக்கிவிடும். அதைவிடப் பொடியானது இன்னும் சுலபமாகச் சிக்கும்! பொடித்துகள் நேராகப் போகாது, தத்தளித்து இழையில் மோதும். இழையில் ஏற்றிய மின்னூட்டமும் இழுத்துக்கொள்ளும். சோப்புப் போட்டுத் துவைத்தால் அந்த மின்னூட்டம் போச்சு! அடர்ந்த தாடி இருந்தாலும் ஓரத்தில் காற்று புகுந்துவிடும்.

1910-11இல் மஞ்சூரியாவில் நுரையீரல் பிளேக் பரவியபோது, பினாங்கில் பிறந்த டாக்டர் வூ லியென்-தே பஞ்சும் துணியும் வைத்துத் தைத்த முகக்கவசத்தைக் கட்டச் சொன்னார். மறுத்த பிரெஞ்சு டாக்டர் மெனி அதே பிளேக்கில் இறந்துபோனார்.

ஆனாலும் முகக்கவசம் மூன்றாவது காவல்தான்! மத்திய சுகாதார அமைச்சகத்தின் 2010 வழிகாட்டுதல் முதலில் சொல்வது நிர்வாகத்தை: இருமுபவரை வரிசையிலிருந்து தனியே அழைத்து, சீக்கிரம் பார்த்து அனுப்புவது. அவருக்குச் சாதாரண முகக்கவசமே போதும். துளி காய்ந்து பொடியாகும் முன்பே வாயருகில் பிடிபட்டுவிடுமே!

இரண்டாவது, காற்று. எனக்கு மிகப் பெரிய வியப்பு இதுதான். பெரு நாட்டின் லிமா ஆஸ்பத்திரிகளில் அளந்து பார்த்து 2007இல் வெளியிட்டார்கள். காற்றோட்ட இயந்திரம் வைத்த தனியறையில் காற்று மணிக்கு 12 தடவை மாறியது. கதவு ஜன்னலைத் திறந்துவிட்ட அறைகளிலோ 28 தடவை! உயரக் கூரையும் பெரிய ஜன்னலுமாக அரை நூற்றாண்டுக்கு முன் கட்டிய அறைகளில் 40!

ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியே இறங்கும் காற்று நம் ஊருக்குச் சும்மா கிடைக்கிறது. எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்துவைத்து, காற்று நுழையும் பக்கம் டாக்டர் நாற்காலியும் வெளியேறும் பக்கம் நோயாளி ஸ்டூலும் போட்டால் போதும். அதற்குச் செலவு ஒரு பைசாகூட இல்லை!