சாண் மீன் ஆள் உயரமாகும்!

கண்ணாடித் தொட்டியில் வண்ண மீன்கள் நீந்துவதைக் கண்டால் யாருக்கும் மனம் மகிழும். ஆனால், சிலருக்கு வண்ண மீன் போதுவதில்லை. முதலையைப் போன்ற மூஞ்சி, ஊசி ஊசியாகப் பல், அசையாமல் நின்று திடீரென்று பாயும் வேகம்! இப்படிப்பட்ட வேட்டை மீன்கள்மேல்தான் அவர்களுக்கு மோகம்.

இந்த வகையில் பேர்போனது 'அலிகேட்டர் கார்' என்னும் அமெரிக்க மீன். மிசிசிப்பி ஆறும் மெக்சிகோ வளைகுடாக் கரையும் இதன் தாயகம். கடையில் வாங்கும்போது ஒரு சாண் நீளம்தான் இருக்கும். ஓராண்டுக்குள்ளேயே ஓர் அடியைத் தாண்டிவிடும். பிறகு ஆள் உயரம் வளரும். 2011-ம் ஆண்டில் மிசிசிப்பி மாநில ஏரி ஒன்றில் வலையில் சிக்கிய மீன் எட்டு அடிக்கு மேல் நீளம். எடை சுமார் 148 கிலோ! ஐம்பது ஆண்டுகளுக்கு மேலும் உயிர் வாழக்கூடியது இது. வாங்கியவருக்குத் தலை நரைத்தாலும் மீன் இருக்கும்.

தவறான நம்பிக்கை

"தொட்டி எவ்வளவு பெரிதோ அவ்வளவுதான் மீன் வளரும்" என்று பலர் நம்புகிறார்கள். இது தவறு. நெருக்கடியான தொட்டியில், கழிவு தேங்கிய நீரில் கிடக்கும் மீன் நலிந்து போகும், முதுகெலும்பு கோணும், ஆயுள் குறையும். அது அடக்கமாக வளர்வதில்லை. அணு அணுவாகச் சாகிறது.

பெருவெள்ளம் காட்டிய உண்மை

மீன் பெரிதாகித் தொட்டி போதாமல் போனதும் என்ன செய்வது? "பாவம், எங்காவது பிழைத்துப் போகட்டும்" என்று ஆற்றிலோ கோயில் குளத்திலோ விட்டுவிடுகிறார்கள் சிலர். புண்ணியம் என்று நினைத்துச் செய்யும் இந்தக் காரியம் பெரும் பாவமாக முடிகிறது.

2018-ம் ஆண்டு கேரளப் பெருவெள்ளத்துக்குப் பிறகு சாலக்குடி ஆற்றில் மீனவர் வலையில் அலிகேட்டர் கார் சிக்கியது. அமேசான் ஆற்றின் பூத மீனான அரபைமாவும் சிக்கியது. வளர்த்த இடங்களிலிருந்து வெள்ளத்தோடு தப்பியவை அவை. மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய பல மீன்களுக்கு வீடு அந்த ஆறு. அதன் பெயரையே அறிவியல் பெயரில் தாங்கிய, சிவப்புக் கோடு போட்ட அழகிய சிறு மீன் ஒன்று ஏற்கெனவே அருகி வருகிறது. அதன் நடுவே ஓர் அந்நிய வேட்டைக்காரன் புகுந்தால் என்ன ஆகும்? 2023-ம் ஆண்டு மே மாதம் காஷ்மீரத்தின் தால் ஏரியில் களை அகற்றும்போதும் இதே அலிகேட்டர் கார் அகப்பட்டது.

அப்படியானால் வளர்க்கவே கூடாதா?

வளர்க்கலாம், வீட்டுக்குத் தக்க மீனாகப் பார்த்து வளர்க்க வேண்டும். தென் அமெரிக்காவின் 'ஆஸ்கர்' மீன் அதற்கு ஏற்றது. இதுவும் வேட்டை மீன்தான். ஆனால், ஏறக்குறைய ஓர் அடியோடு வளர்ச்சி நின்றுவிடும். வளர்ப்பவரைக் கண்டதும் ஓடிவரும்.

இதற்கே நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரமுள்ள தொட்டி வேண்டும். அதில் சுமார் 255 லிட்டர் நீர் பிடிக்கும். தண்ணீரின் எடையே கால் டன்! தாங்குமா என்று தரையையும் மேடையையும் முதலில் பாருங்கள்.

தொட்டி வந்த அன்றே மீனை விடக்கூடாது. மீன் கழிவிலிருந்து அம்மோனியா என்னும் விஷம் உண்டாகிறது. அதை முறிக்கும் நுண்ணுயிர்கள் வடிகட்டியில் பெருகுவதற்கு நாலைந்து வாரங்கள் ஆகும். பிறகும் வாரந்தோறும் கால் பங்கு நீரை மாற்றுங்கள். குழாய் நீரானால் குளோரின் நீக்கிய பிறகே ஊற்றுங்கள். மின்சாரம் போனால் உதவ, பாட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்று கைவசம் இருக்கட்டும்.

இரையாக உயிருள்ள தங்க மீன்களைப் போடாதீர்கள். அவற்றோடு நோய் வரும்; அவற்றையே தின்று வந்தால் 'பி-1' வைட்டமின் குறைவும் ஏற்படும். குளிகை உணவும் இறாலும் நல்லவை. துணைக்கு விடும் மீனும் ஆஸ்கரின் வாயில் நுழையாத அளவினதாக இருக்கட்டும். இல்லையேல் மறுநாள் காலையில் அதைத் தேட வேண்டியதுதான்!

வாங்குமுன் மூன்று கேள்விகள்

முழு வளர்ச்சியில் இதன் நீளம் என்ன? எத்தனை ஆண்டு வாழும்? இதை வளர்க்கச் சட்டம் அனுமதிக்கிறதா? முதல் இரண்டையும் கடைக்காரரிடம் கேளுங்கள். மூன்றாவதை மீன்வளத் துறையிடம் கேளுங்கள்.

வளர்க்க முடியாமல் போனால் மீனைக் கடைக்கே திருப்பிக் கொடுங்கள். அல்லது பெரிய தொட்டி வைத்திருப்பவரிடம் ஒப்படையுங்கள். ஆறு, ஏரி, குளம், கிணறு எதிலும் விடவே விடாதீர்கள்.

அலிகேட்டர் கார் கெட்ட மீன் அல்ல. தன் தாய்நாட்டு ஆற்றில் அது பெருமைக்குரிய மீன். டெக்சாஸ் மாநிலத்தில் அதைப் பிடிப்பதற்குக் கட்டுப்பாடு விதித்துக் காப்பாற்றுகிறார்கள். நாலடித் தொட்டிக்குள் அதைச் சிறைவைத்துவிட்டு, பிறகு ஊரார் குளத்தில் தள்ளுகிற மனிதரைத்தான் திருத்த வேண்டும்.