நுரையீரலின் வடுவும் குருதி கூறும் சான்றும்

முழங்காலிற் பட்ட காயம் ஆறியபின் அவ்விடத்தில் ஒரு தழும்பு எஞ்சுவதை யாவரும் கண்டிருப்பர். தோலில் உள்ள தழும்பு அழகைச் சிறிது குறைக்குமேயன்றி வாழ்வுக்கு ஊறு செய்வதில்லை. அத்தகைய தழும்பு நுரையீரலினுள்ளே உண்டாகுமாயின், அது மூச்சையே குறைத்துவிடுகின்றது. 2020ஆம் ஆண்டிலே கொவிட் 19 நோய் உலகெங்கும் பரவியபோது, காய்ச்சல் தணிந்து வைரசும் நீங்கியபின்னர், நாலு படி ஏறுவதற்கு மூச்சு வாங்கிய நோயாளர் பலர் இருந்தனர். நோய் தீர்ந்தபின்னும் மூச்சு ஏன் திரும்பவில்லை? நேயர்களே, அவ்வினாவுக்கு விடை தேட ஒரு துளிக் குருதி எவ்வாறு உதவுகின்றது என்பதை இனி நோக்குவோம்.

நுரையீரல் வெறும் காற்றுப்பையன்று. அதனுள்ளே ஏறத்தாழ 30 கோடி சிற்றறைகள் உள்ளன. அவற்றின் சுவர்கள் அனைத்தையும் விரித்துப் பரப்பினால் சுமார் 70 சதுர மீற்றர் இடத்தை மூடும். காற்றையும் குருதியையும் பிரிக்கும் அச்சுவர், பல இடங்களில் ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கிலும் மெல்லியது. அவ்வளவு மெல்லியதாயிருப்பதனாலேயே ஒட்சிசன் நொடிப்பொழுதில் அதனூடு குருதியை அடைகின்றது.

இச்சுவரில் இருவகைக் கலங்கள் உண்டு. முதல்வகைக் கலங்கள் தட்டையாகப் பரந்து சுவரின் பெரும்பகுதியை மூடுகின்றன. இரண்டாம்வகைக் கலங்கள் சிற்றறைகள் சுருங்கி ஒட்டிப்போகாவண்ணம் காக்கும் ஒரு வழுவழுப்பான பொருளைச் சுரக்கின்றன. முதல்வகைக் கலங்கள் அழியும்போது, தாமே பெருகி அவற்றின் இடத்தை நிரப்புவனவும் இவையே. கொவிட் வைரசு பற்றும் கலங்களுள் இவையும் அடங்கும். வீடு இடிந்த வேளையிற் கொத்தனாரும் நோயுற்று வீழ்ந்தாற்போன்ற நிலை அது. அப்பொழுது உடல் அவசரமாக நார்ப்பொருளை இட்டு இடிபாட்டை அடைக்க முற்படுகின்றது. அளவோடு நின்றால் அந்நார் பின்னர் கரைந்துபோகும். அளவு மீறினால் மெல்லிய சுவர் தடித்து, விறைத்து, வடுவாகிவிடும்.

இந்த அழிவையும் திருத்தத்தையும் வெளியிலிருந்து அறிவது எங்ஙனம்? இங்கேதான் யப்பானிய ஆராய்ச்சியாளர் நொபுஓக்கி கோனோவும் அவர்தம் குழுவினரும் கண்ட ஓர் உண்மை பயன்படுகின்றது. அவர்கள் முதலில் தேடியது வேறொன்று. நுரையீரற் புற்றுநோயைக் குருதியிலே காட்டித்தரும் பொருளொன்றை நாடி, மனிதப் புற்றுக் கலங்களை எலிகளுக்குச் செலுத்தி, அவற்றின் உடலில் உண்டான பிறபொருளெதிரிகளை ஆராய்ந்தனர். அவற்றுள் ஒன்று பற்றிக்கொண்ட பெரும் புரதத்துக்குக் 'கே.எல். 6' எனப் பெயரிட்டனர். அவ்வெழுத்துக்கள் நுரையீரற் புற்று என்பதன் ஜேர்மன் மொழிச் சொற்களிலிருந்து வந்தவை. ஆயினும், அப்புரதம் சிற்றறைச் சுவர் அழன்று வடுப்படும் நோயாளரின் குருதியிலும் மிகுந்திருந்தது. அதனை அவர்கள் 1989ஆம் ஆண்டில் வெளியிட்டனர். பத்தாண்டு கழித்து, 1999இல், யப்பான் நாட்டு வைத்தியத்தில் அச்சோதனை முறைப்படி இடம்பெற்றது.

அப்புரதம் இரண்டாம்வகைக் கலங்களின் மேற்பரப்பிலே இருப்பது. கலங்கள் ஊறுபட்டுப் பெருகும்போது அதன் துண்டுகள் உதிர்கின்றன. சுவரும் பழுதுற்றிருப்பதனால் அவை குருதியிற் கசிகின்றன. யப்பானிலே ஒரு மில்லிலீற்றருக்கு 500 அலகு என்பது எல்லையாகக் கொள்ளப்பட்டது. கொவிட் நோயாளரை ஆராய்ந்தபோது, இலேசாக நோயுற்றவர்களிலும் பார்க்கக் கடுமையாக நோயுற்றவர்களிடத்து இது உயர்ந்திருந்தமை தெரியவந்தது. சிற்றறைகளின் வழுவழுப்புப் பொருளிலுள்ள புரதங்கள் சிலவும் இவ்வாறே குருதியிற் கசிந்து சான்று கூறுவனவாகும்.

எனினும், ஒரு சாட்சியை மட்டும் கேட்டுத் தீர்ப்பு வழங்குதல் நீதியன்று. நுரையீரல், மார்பு, சதையி ஆகியவற்றிலே தோன்றும் புற்றுநோய்களிலும் இப்புரதம் உயரலாம். பிறப்பிலேயே அமைந்த மரபு வேற்றுமையால் ஒருவருக்கொருவர் அதன் அளவு மாறுபடுவதுமுண்டு. மேலும், சுவர் இப்பொழுது ஊறுபடுகின்றது என்பதை அது உணர்த்துமேயன்றி, நிலையான வடு விழுந்துவிட்டது என்பதைத் தானாக நிறுவமாட்டாது. ஆதலால் வைத்தியர் கணினிக் கதிர்ப்படத்தையும், மூச்சின் கொள்ளளவை அளக்கும் சோதனையையும் உடன்வைத்தே முடிவு செய்வர். ஒரே நோயாளரிடத்தில் வாரந்தோறும் மாதந்தோறும் அளவு ஏறுகின்றதா, இறங்குகின்றதா எனப் பார்ப்பதே தனியொரு எண்ணிலும் பயன் மிக்கது.

இவ்வேறுபாட்டை அறிவது வெறும் கல்விக்காகவன்று. அழற்சி தணியக்கூடியது, கொவிட்டுக்குப்பின் படத்திற் காணப்பட்ட நிழல்கள் பலருக்குச் சில மாதங்களில் மங்கி மறைந்தன. முற்றிய வடுவையோ அழித்துப் பழைய சுவரை மீட்கும் மருந்து இல்லை. வடு மேலும் பரவுவதைத் தாமதப்படுத்தும் மருந்துகளே உள்ளன. எனவே, காலந்தாழ்த்தாது அறிதலே நோயாளருக்குக் கிடைக்கும் பெருந்துணை. காய்ச்சல் விட்டுப் பல வாரங்களாகியும் மூச்சு வாங்குமாயின், அதனை வெறும் களைப்பென்றோ வயதின் குற்றமென்றோ ஒதுக்கிவிடாது, வைத்தியரிடம் சொல்லுதல் வேண்டும். குருதி சான்று கூற ஆயத்தமாக இருப்பினும், அதனை விசாரிக்கும்படி முதலில் வாய்திறந்து கேட்கவேண்டியவர் நோயாளரே.