தொழிலகத் தூசு சேகரிப்பானின் முதன்மை உறுப்புகள்

முன்னுரை

சிமெண்டு ஆலை, வார்ப்பாலை, கல் அரைவைக் கூடம் போன்ற இடங்களில் எழும் தூசில் கண்ணுக்குப் புலப்படாத துகள்களே மிகுந்த தீங்கு விளைவிப்பன. ஏறத்தாழ 4 மைக்ரோமீட்டருக்கும் குறைந்த துகள்கள் நுரையீரலின் காற்று நுண்ணறைகள் வரை செல்கின்றன. படிகச் சிலிக்கா கலந்த தூசினால் உண்டாகும் சிலிகோசிஸ் நோயைக் குணப்படுத்தும் மருத்துவம் இன்றளவும் இல்லை. ஆகவே, தூசு தொழிலாளியின் மூச்சை அடையுமுன் அதனைப் பிடித்தல் இன்றியமையாதது. அதற்குப் பரவலாகப் பயன்படும் பை வடிகட்டி வகைச் சேகரிப்பானின் உறுப்புகளையும் அவை ஒன்றையொன்று சார்ந்திருக்கும் முறையையும் இக்கட்டுரை விளக்குகின்றது.

உறிஞ்சுமுகப்பும் காற்றுக்குழாயும்

தூசு எழும் இடத்திலேயே அதனைக் காற்றோடு உள்ளிழுப்பது உறிஞ்சுமுகப்பு ஆகும். ஊதப்படும் காற்று நெடுந்தொலைவு செல்லும். உறிஞ்சப்படும் காற்றின் வேகமோ விரைந்து குன்றும். முகப்பின் விட்டத்திற்குச் சமமான தொலைவிலேயே அவ்வேகம் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகிவிடுகின்றது. எனவே முகப்பைச் சிறிது தள்ளி அமைத்தாலும் தூசு தப்பிவிடும். அவ்வாறு தப்பியதைப் பின்னுள்ள எவ்வுறுப்பாலும் மீட்க இயலாது.

காற்றுக்குழாயினுள் பெரும்பாலான தொழிலகத் தூசுகளுக்கு நொடிக்கு 18 முதல் 20 மீட்டர் வரையிலான வேகம் தேவைப்படுகின்றது. வேகம் குறைந்தால் தூசு படிந்து குழாய் அடைபடும். மிகுந்தால் வளைவுகள் தேயும்.

வடிகட்டும் அறை

அறையின் மேற்பகுதியிலுள்ள துளைத்தகடு தூசுப் பகுதியையும் தூய காற்றுப் பகுதியையும் பிரிக்கின்றது. துளைதோறும் ஒரு துணிப்பை தொங்குகின்றது. அது உள்ளொடுங்காமல் கம்பிக்கூடு தாங்குகின்றது. காற்று பையின் வெளிப்புறத்திலிருந்து உட்புறம் செல்லும்போது தூசு வெளியே தங்குகின்றது. சாதாரணத் துணிப்பையில், துணியின்மேல் படியும் மெல்லிய தூசுப்படலமே நுண்துகள்களைத் தடுப்பதில் பெரும்பங்கு வகிக்கின்றது. படலம் தடித்தால் காற்றோட்டம் தடைபடும். அப்போது வால்வு திறந்து, அழுத்தக்காற்றை ஒரு நொடியின் சிறு பகுதியளவே பைக்குள் செலுத்தித் தூசை உதிர்க்கின்றது. அளவுக்கு மீறி உதிர்த்தால் படலம் அழிந்து வடிகட்டும் திறன் குறைவதோடு பையும் விரைவில் கிழியும். ஆகவே, துளைத்தகட்டின் இருபுற அழுத்த வேறுபாட்டைக் காட்டும் அளவியைக் கொண்டு உதிர்க்கும் நேரத்தை முடிவுசெய்தல் நன்று.

தூசுத்தொட்டியும் விசிறியும்

உதிர்ந்த தூசு ஹாப்பர் எனப்படும் கூம்புத்தொட்டியில் விழுந்து, காற்றுப்புகாச் சுழல்வால்வு வழியே வெளியேறுகின்றது. விசிறி தூய காற்றுப் பக்கத்தில் அமைவதால் அதன் இதழ்கள் தேய்மானத்திலிருந்து காக்கப்படுகின்றன. தொட்டியிலோ வெளியைவிடக் குறைந்த அழுத்தம் நிலவுகின்றது. சுழல்வால்வு கசிந்தால் வெளிக்காற்று உட்புகுந்து, விழும் தூசை மீண்டும் பைகளுக்கே ஏற்றும்; உறிஞ்சுமுகப்பின் இழுவிசையும் குறையும்.

எரியக்கூடிய தூசைக் கையாளும் அறைகளுக்கு வெடிப்பழுத்தத்தை வெளியேற்றும் தகடும் வேண்டும். எனினும் அது அறைக்கு மட்டுமே காப்பாகும். 2008ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலச் சர்க்கரை ஆலையொன்றில், கட்டடத்தினுள் தேங்கிய சர்க்கரைத் தூசு வெடித்து 14 பேர் உயிரிழந்தனர்.

முடிவுரை

புகைபோக்கியில் தூசு தெரியாமை, பைகள் செம்மையாக உள்ளன என்பதை மட்டுமே உணர்த்தும். பணியிடக் காற்று தூயது என்பதற்கு அது சான்றாகாது. முகப்பின் இடப்பிழையும் வால்வின் கசிவும் புகைபோக்கியில் வெளிப்படுவதில்லை. அவற்றின் விளைவைத் தொழிலாளியின் நுரையீரலே ஏற்கின்றது. எனவே சேகரிப்பானின் ஆய்வு உறிஞ்சுமுகப்பிலிருந்தே தொடங்குதல் வேண்டும்.