நஞ்சைக் கண்டால் ஒளிரும் பாக்டீரியா

வங்கதேசக் கிராமங்களில் ஒரு காலத்தில் லட்சக்கணக்கான அடிபம்புகளுக்குச் சிவப்பு வண்ணம் அடித்தார்கள். அதில் வரும் தண்ணீரில் ஆர்சனிக் இருக்கிறது, குடிக்காதே என்று பொருள். குளத்து நீரைக் குடித்துக் குழந்தைகள் வயிற்றுப்போக்கால் இறந்துகொண்டிருந்ததால், 1970-களில் யுனிசெஃப் உதவியோடு அங்கே குழாய்க் கிணறுகள் போடப்பட்டன. நிலத்தடியில் இயற்கையாகவே ஆர்சனிக் கலந்திருந்தது 1993-இல்தான் தெரியவந்தது. நிறமோ மணமோ சுவையோ இல்லாத நஞ்சு அது. உள்ளங்கையில் தோல் தடித்துக் கரடுதட்டும்போது, குடிக்கத் தொடங்கிப் பல ஆண்டுகள் ஆகியிருக்கும்.

ஊரில் வைத்துச் சோதிக்க ஒரு முறை உண்டு. தண்ணீரில் துத்தநாகத் தூளும் அமிலமும் சேர்த்தால் வாயு எழும். பாதரச உப்புத் தடவிய தாள் அதில் பழுப்பாகும். ஆனால் அந்த ஆர்சைன் வாயுவே கொடிய நஞ்சு. உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம்; அவ்வளவு குறைந்த அளவில் தாளின் நிறத்தைக் கண்ணால் பிரித்தறிவதும் சிரமம்.

இந்த இடத்தில்தான் ஈ.கோலை பாக்டீரியா உதவுகிறது. ஆர்சனிக் உள்ளே நுழைந்தால் அதை வெளியே தள்ளும் ஏற்பாடு அதற்கு இயல்பாகவே உண்டு. அந்த ஏற்பாட்டுக்கான மரபணுக்களின் மேல் ஆர்ஸ்-ஆர் என்ற புரதம் பூட்டுப்போல உட்கார்ந்திருக்கும். ஆர்சனிக் வந்து ஒட்டியதும் அது விலகும், மரபணுக்கள் வேலை செய்யத் தொடங்கும். சுவிட்சர்லாந்தில் யான் ரூலோஃப் வான் டெர் மீரும் அவர் கூட்டாளிகளும் இதே பூட்டை, இயல்பாகவே ஒளிரும் வேறொரு பாக்டீரியாவின் மரபணுவுக்கு மாட்டி, ஈ.கோலைக்குள் வைத்தார்கள். இப்போது நஞ்சு வந்தால் ஈ.கோலை ஒளிரும். நஞ்சு கூடினால் ஒளியும் கூடும். உறைய வைத்து உலர்த்திய பாக்டீரியாவை மூடிய குப்பியில் வைத்து, ஊசியால் தண்ணீரைச் செலுத்தி, சிறு கருவியில் ஒளியை அளந்தால் போதும்.

2005-இல் வெளியான ஓர் ஆய்வில், வியட்நாமின் கிணற்று நீரில் இதைச் சோதித்தபோது ஒரு சிக்கலைச் சமாளிக்க வேண்டியிருந்தது. அந்த நீரில் இரும்பு அதிகம். ஆர்சனிக் இரும்புத் துகளோடு ஒட்டிக்கொண்டால் பாக்டீரியாவுக்கு எட்டாது. முதலில் அமிலம் சேர்த்துக் கரைத்து, பிறகு அமிலத்தன்மையைப் போக்கினார்கள். எடின்பரோ பல்கலைக்கழக மாணவர்கள் 2006-இல் வேறு வழி கண்டார்கள்: ஒளிக்குப் பதில் அமிலம் சுரக்கும் பாக்டீரியா. நிறங்காட்டி மாறுவதை வெறும் கண்ணாலேயே பார்த்துவிடலாம், கருவி தேவையில்லை. கிராமத்துக்கு ஏற்றது இதுவே என்பது என் எண்ணம்.

மரபணு மாற்றிய உயிர் வெளியே கசிந்துவிடுமோ என்ற அச்சம் நியாயமானதுதான். அதற்காகத்தான் மூடிய குப்பியும், சோதனை முடிந்ததும் பாக்டீரியாவைக் கொன்றுவிடும் விதியும். அந்த விதிகளைக் கறாராக வகுத்து, இந்தக் குப்பிகளை ஊர்களுக்கு அனுப்ப அரசுகள் இனியும் தயங்கக் கூடாது.