அன்னாசிக் குடும்பத்து அழகுச் செடிகள்

நாகர்கோவில் வீட்டு முகப்பில் தொட்டிச் செடியாய் நிற்கும் புரோமிலியாடைக் கண்டு கற்றாழையென மயங்குதல் இயல்பு. இவை அன்னாசியின் உறவினங்கள். அமெரிக்கக் கண்டத்துக்கு உரியவை. குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் இளம் ரப்பருக்கிடையே வளரும் அன்னாசியை உற்றுநோக்கியோர் இவற்றை எளிதில் இனங்காண்பர்.

தண்டு தெரியாது, வட்டமாய் அடுக்கிய இலைகள் நடுவே கிண்ணம்போற் குழிந்து நீர் தேக்கும். இலை விளிம்பில் முள்ளும் வெள்ளிநிற வரிகளும் இருப்பின் பெரும்பாலும் ஏக்மியா. முள்ளின்றிச் செந்நிறப் பூங்கதிர் உயர்ந்தால் குஸ்மேனியா. கதிர் வாள்போல் தட்டையாயின் விரீசியா. பூக்கள் கிண்ணத்துள்ளேயே அமிழ்ந்திருப்பது நியோரெகேலியா.

நண்பகல் வெயில் ஆகாது. தேங்காய் நாரும் கரித்துண்டும் கலந்த, நீர் தேங்காத கலவை போதும். ரப்பருக்குத் தெளிக்கும் போர்டோ கலவையை அருகிற் கொணரலாகாது. தாமிரம் இவற்றுக்கு நஞ்சு.

நாம் வற்புறுத்த விழைவது ஒன்றுண்டு. கிண்ணத்து நீரில் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும். ஏறத்தாழ 7 முதல் 10 நாளில் கொசு பறந்துவிடும். ஆதலின் வாரம் இருமுறை தொட்டியைச் சாய்த்துப் பழைய நீரை முற்றும் வடித்துப் புதுநீர் வார்த்தல் வேண்டும். அதற்கு இயலாதார் கிண்ணத்தை வெறுமையாக விட்டு, வேர்க்கலவையை மட்டும் நனைக்கலாம். குழந்தைகள் உள்ள இல்லத்தில் நாம் பின்னதையே பரிந்துரைப்போம்.

பூத்த செடி மீண்டும் பூவாது, மெல்ல வாடும். பட்டதென எறிந்துவிடுகின்றனர் சிலர்! வாழையைப் போல் அடியிற் கன்று விடும். தாயில் பாதி வளர்ந்தபின் அறுத்து நடலாம். வளர்ந்தும் பூவாத செடியைக் கிண்ணநீர் வடித்து, கனிந்த பழமொன்றுடன் பையால் ஒரு வாரம் மூடிவைக்கலாம். பழம் விடும் எத்திலீன் வாயு பூக்கத் தூண்டும். அன்னாசித் தோட்டத்தார் எத்ரல் ஊற்றுவதும் இதன்பொருட்டே.